கோல்ஃப் ஸ்விங்கில் லேக்: மலையகத்து ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியாவிலும் திகனவிலும் கோல்ஃப் பழகும் நம் பிள்ளைகள், ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடி வேலை பார்த்துக்கொண்டே கிளப் (கோல்ஃப் மட்டை) பிடிக்கப் பழகியவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடக் கிடைக்கும் ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள் எல்லோரும் என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்பது லேக்கைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இடது வலது எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்குச் சொன்னவை. இடக்கைக்காரர்கள் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

லேக் என்று எதைச் சொல்கிறார்கள்?

டவுன்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பந்தை நோக்கிக் கீழே வீசும்போது, கைகள் முந்தி வர, கிளப் தலை பிந்தி வருகிறது. அந்தப் பிந்தலுக்குத்தான் லேக் என்று பெயர். ஆட்டக்காரருக்கு எதிரே நின்று பார்த்தால் அவருடைய இடது முன்கைக்கும் ஷாஃப்டுக்கும் (கிளப்பின் தண்டுக்கும்) இடையே ஒரு கோணம் தெரியும். கிளப்பைப் பின்னே மேலே கொண்டுபோகும் பேக்ஸ்விங்கின் உச்சியில் அது கிட்டத்தட்ட 90 பாகை இருக்கும். நன்றாக ஆடுபவர்களிடம் கை இறங்கத் தொடங்கிய பிறகும் அது விரியாது. சிலரிடம் இன்னும் சுருங்கும். 2017இல் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற செர்ஜியோ கார்சியாவின் ஸ்விங்கை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கைகள் இடுப்புக்கு வந்துவிட்ட பிறகும் கிளப் தலை மேலேதான் நிற்கும்.

அப்படியென்றால் பந்தில் படும் வரை அந்தக் கோணத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால் இதை வைத்திருங்கள்: லேக் நாம் பிடித்து வைக்கும் பொருளே அல்ல. உடல் சரியான வரிசையில் திரும்பி, மணிக்கட்டு தளர்ந்திருந்தால் அது தானாக உண்டாகும். நேரம் வந்ததும் தானாகவே அவிழும்.

ஏன் பிடித்து வைக்க முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உச்சியிலிருந்து பந்து வரைக்கும் கிளப் வர ஏறக்குறைய கால் செக்கன்தான் ஆகும். கண்ணால் ஒன்றைக் கண்டு கை அசைவதற்கே ஐந்தில் ஒரு செக்கன் போய்விடும். "இப்போது பிடி, இப்போது விடு" என்று மூளை கட்டளை போட அங்கே இடமே இல்லை. இது ஒன்று.

இரண்டாவது, அந்த வேகத்தில் கிளப் தலை வெளிப்பக்கமாக இழுக்கிற இழுப்பு. தூர அடிக்கு எடுக்கும் நீளமான கிளப்பான டிரைவரின் தலை ஏறக்குறைய 200 கிராம்தான். ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் அதைச் சுழற்றி வரும்போது, பந்துக்குப் பக்கத்தில் அவர் கையில் 30, 40 கிலோ பாரம் தொங்குகிற அளவுக்கு இழுப்பு இருக்கும். அந்த இழுப்புத்தான் கோணத்தை விரிக்கிறது. மணிக்கட்டால் அதை எதிர்த்துப் பூட்டி வைத்தால் கிளப் தலைக்குப் போக வேண்டிய வேகத்தை நாமே தடுத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கைகள் தம்முடைய உச்ச வேகத்தைத் தொடுவது பந்தில் அல்ல, பந்துக்கு முன்னாலேயே. அதன் பிறகு கைகள் வேகம் குறைகின்றன. அப்படிக் குறையும்போது அந்த ஆற்றல் கிளப் தலைக்குப் போய் அது பாய்கிறது. கைகளைக் கடைசி வரை முடுக்கிக்கொண்டே போனால் லேக் மிஞ்சும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: பிடி முந்திப் போகும், அலகு பிந்தி வந்து வெட்டும்; கையை இறுக்கி வைத்துக்கொண்டு யாரும் கவ்வாத்து வெட்டுவதில்லை.

பிறகு ஏன் "இம்பாக்ட் வழியாக லேக்கைக் காப்பாற்று" என்று எல்லாக் கோச்சும் சொல்கிறார்கள்?

அவர்கள் சொல்ல வருவது சரிதான். சொல்லும் விதம்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது. பந்தைத் தொடும் கணத்தில் 90 பாகைக் கோணம் யாரிடமும் மிஞ்சியிருக்காது. மிஞ்ச வேண்டியது ஒரு சிறிய சாய்வு. 7ஆம் இலக்க அயனால் (உலோகத் தலை கொண்ட நடுத்தரத் தூரக் கிளப்பால்) அடிக்கும்போது கைகள் பந்தைவிட இலக்குப் பக்கம் சற்று முந்தியிருக்க வேண்டும். ஷாஃப்ட் 5 முதல் 10 பாகை வரை முன்னே சாய்ந்திருக்கும். இடது மணிக்கட்டின் புறங்கைப் பக்கம் தட்டையாக இருக்கும், அல்லது கொஞ்சம் வெளியே புடைத்திருக்கும். உள்ளே மடிந்து குழி விழுந்திருக்கக் கூடாது.

பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு செக்கனில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் கிளப் தலை 2 சென்ரிமீற்றர் அளவுதான் நகரும். ஆகவே "இம்பாக்ட் வழியாக" என்பது உண்மையில் பந்துக்கு ஒரு சாண் முன்னாலிருந்து பந்துக்கு ஒரு சாண் அப்பால் வரை. அந்தத் தூரத்தில் கிளப் தலை கைகளை முந்தாமல் இருந்தால் போதும். அதற்குப் பிறகு முந்தட்டும், முந்தத்தான் வேண்டும்.

கிளப் போகும் வளைவின் அடிப்புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் இதற்கு அளவுகோல். பெரிய ஆட்டக்காரர்கள் அயன் அடிக்கும்போது அது பந்துக்கு அப்பால், இலக்குப் பக்கம் 10 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பந்து முதலில், புல் பிறகு. அமெரிக்கத் தொழில்முறை பி.ஜி.ஏ. தொடரில் ஆடுபவர்களின் 7ஆம் இலக்க அயன் சராசரியாக 4 பாகை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே பந்தைத் தொடுகிறது. பந்தைத் தூக்கிவிட யாரும் முயல்வதில்லை. கிளப் முகத்தின் (பந்தில் படும் பக்கத்தின்) சாய்வே அதைத் தூக்கிவிடும்.

என் லேக் ஏன் கலைகிறது? எவ்வளவு பழகினாலும் உச்சியிலேயே போய்விடுகிறது.

காரணம் பெரும்பாலும் மணிக்கட்டில் இருக்காது. நான் முதலில் பார்ப்பது கிளப் முகத்தை.

பேக்ஸ்விங் உச்சியில் இடது மணிக்கட்டு பின்னுக்கு மடிந்து முகம் வானத்தைப் பாராமல் வெளியே திறந்திருந்தால், அந்த முகத்தோடு கைகளை முந்தவிட்டு அடித்தால் பந்து வலப்பக்க மரங்களுக்குள்தான் போகும். நம் உடம்புக்கு இது தெரியும். ஆகவே கீழே வரும்போது முகத்தை நேராக்க மணிக்கட்டைத் தட்டிவிடுகிறது. அந்தத் தட்டல் பார்க்கிறவர் கண்ணுக்கு "லேக் போய்விட்டது" என்று தெரிகிறது. அது குறையே அல்ல, திறந்த முகத்துக்கு உடம்பு செய்கிற வைத்தியம். முகத்தை நேராக்காமல் தட்டுவதை மட்டும் நிறுத்தச் சொன்னால், அந்தப் பிள்ளை ஒரு வாரம் வலப்பக்கமே அடித்துவிட்டுப் பழையபடி தட்டத் தொடங்கும்.

ஆகவே கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். பந்துக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு கணுக்களாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் மாதக்கணக்கில் வராத லேக் வந்த பிள்ளைகள் உண்டு.

அடுத்த காரணம் வரிசை. உச்சியிலிருந்து வலது தோளையும் கைகளையும் கொண்டு தொடங்கினால் கிளப் உடனே வெளியே எறியப்படும். முதலில் எடை இடது பாதத்துக்குப் போக வேண்டும். பிறகு இடுப்பு, அப்புறம் மார்பு, அதன் பின் கை, கடைசியில் கிளப். ஒவ்வொன்றும் தன் உச்ச வேகத்தைத் தொட்டு வேகம் குறையும்போது அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரர்களிடம் கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு கீழ்நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும். லேக் பிறக்கும் இடம் அதுதான்.

மூன்றாவது, உடம்பு நின்றுவிடுவது. பந்து வரை வந்து மார்பு திரும்புவதை நிறுத்தினால் கைகளுக்குப் போக வழியில்லை. கிளப் தலை அவற்றை முந்திவிடும். மணிக்கட்டை எவ்வளவு திட்டினாலும் பயனில்லை. மார்பைத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

பந்தைத் தூக்கிவிடும் ஆசையும் கிரிப்பை நசுக்கிப் பிடிப்பதும் மீதிக் காரணங்கள்.

நுவரெலியாவில் தரை எப்போதும் ஈரம். கைகள் முந்திப் போனால் கிளப் மண்ணில் குத்தி நின்றுவிடுகிறது. இங்கே லேக் ஆபத்தில்லையா?

நல்ல கேள்வி, நம் மலைக்கென்றே உள்ள கேள்வி. மழை மாதங்களில் ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்தரை) பஞ்சாகக் கிடக்கும். பந்துக்குப் பின்னால் இரண்டு விரல் தூரத்தில் மண்ணைத் தொட்டாலே பந்து பாதி வழிதான் போகும். காய்ந்த தரை என்றால் கிளப் துள்ளியாவது பந்தை அடிக்கும். ஈரத் தரை மன்னிப்பதில்லை.

அதனால்தான் இங்கே பந்தை முதலில் தொடுவது இன்னும் முக்கியம். கிளப் குத்தி நிற்பதற்குக் காரணம் லேக் அல்ல. அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுவது, அல்லது கைகளை மட்டும் முன்னே இழுத்துக்கொண்டு மார்பு பின்தங்குவது, இரண்டில் ஒன்று. டைவட்டை, அதாவது கிளப் புல்லோடு செதுக்கி எடுத்த துண்டையும் அதன் தடத்தையும் பாருங்கள். அது பந்து இருந்த இடத்துக்கு அப்பால் தொடங்கி, உள்ளங்கை நீளத்துக்கு மெல்லிய செதிலாகப் போயிருந்தால் எல்லாம் சரி. பந்துக்குப் பின்னாலேயே தொடங்கியிருந்தால் எடை இன்னும் வலக்காலில் இருக்கிறது. சரியான இடத்தில் தொடங்கியும் குழி ஆழமாக, முன்விளிம்பு செங்குத்தாக இருந்தால் ஷாஃப்டை அளவுக்கு மீறிச் சாய்க்கிறீர்கள். கிளப்பின் அடிப்பாகம் தரையில் வழுக்குவதற்குப் பதிலாக விளிம்பு தோண்டுகிறது.

ஈர நாளில் பந்தைக் கால்களுக்கு நடுவே இருந்து அரை அங்குலம் பின்னுக்கு வையுங்கள். ஒரு கிளப் கூட, அதாவது ஒரு படி அதிக தூரம் போகும் கிளப்பை எடுத்து, முக்கால் ஸ்விங்கில் அடியுங்கள். டைவட்டை எடுத்து வந்து பொருத்தி மிதித்துவிட்டுப் போங்கள்; இந்தக் குளிரில் புல் மெதுவாகத்தான் மூடும்.

கொழும்பிலிருந்து வந்து இங்கே அடித்தால் பந்து தூரம் போகிறது. என் லேக் நன்றாகிவிட்டதா?

அது காற்றின் வேலை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று கொழும்பைவிட அடர்த்தி குறைந்தது. பந்துக்குத் தடையும் குறைவு. கொழும்பில் 140 யார் போகும் அயன் அடி இங்கே 148 வரை போனால் ஆச்சரியப்பட வேண்டாம். அடர்த்தி குறைந்த காற்றில் பந்து வளைவதும் சற்றுக் குறையும். ஆகவே ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) குறைந்தது போலவும் தோன்றும். கொழும்புக்குத் திரும்பிய மறுவாரம் இரண்டும் பழையபடி வந்து நிற்கும்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி 1999இல் திறந்த திகன மைதானம் இதைவிட மிகவும் தாழ்வு. அங்கே இந்த வித்தியாசம் சிறியது.

லேக் திருந்தியதா என்று தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டைவட் எங்கே தொடங்குகிறது, பந்து எவ்வளவு உயரத்தில் கிளம்புகிறது என்று பாருங்கள். திருந்தினால் பந்து முன்னைவிடத் தாழ்வாகக் கிளம்பும், சத்தம் கனமாக இருக்கும்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே மாதிரி அடிக்கலாமா?

அடிக்க முடியாது. நம்மிடம் சமதரை எங்கே இருக்கிறது!

இறக்கத்தில் பந்து கிடந்தால் தரையே கிளப்பைச் சாய்த்துவிடுகிறது. தோள்களைச் சரிவோடு சரியவிட்டு, எடையை இடக்காலில் வைத்து, சரிவைத் தொடர்ந்தே கிளப் தலை போகும்படி அடியுங்கள். அங்கே தூக்கிவிட முயன்றால் கிளப் முதலில் பின் மண்ணில் முட்டும். பந்து தாழ்வாகப் போகும். அது எப்படியும் நடக்கும். ஆகவே முகத்தின் சாய்வு கூடிய கிளப்பை எடுங்கள்.

ஏற்றத்தில் இதற்கு நேர்மாறு. மேட்டை நோக்கி ஷாஃப்டை அதிகம் முன்சாய்த்தால் கிளப் மேட்டுக்குள் போய் மணிக்கட்டு வலிக்கும். அங்கே ஷாஃப்டின் சாய்வைக் குறையுங்கள், தோள்களைச் சரிவோடு வையுங்கள், ஒரு கிளப் கூட எடுங்கள். "எப்போதும் கை முந்த வேண்டும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் மேட்டில் அடிபடுவது இதனால்தான்.

டிரைவருக்கும் இதே விதியா?

கோணம் உருவாவதும் அவிழ்வதும் அதேதான். ஆனால் டீ என்கிற சிறு முளையின் மேல் இருக்கும் பந்தைக் கீழ்நோக்கி அடிக்கத் தேவையில்லை. பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைத்து, அடிப்புள்ளியைத் தாண்டி கிளப் தலை மட்டமாகவோ சற்று மேலேறும்போதோ பந்தைத் தொடும்படி விட வேண்டும். அப்போது இடக்கையும் ஷாஃப்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். டிரைவரில் அயன் மாதிரி முன்சாய்த்தால் பந்து தாழ்ந்து, சுழற்சி கூடி, தூரம் போய்விடும்.

1889இலிருந்து ஆடப்படும் நுவரெலியா மைதானத்தில் ஃபேர்வேக்கள் குறுகல், இரு பக்கமும் உயர்ந்த மரங்கள். அங்கே டிரைவரை உறைக்குள் வைத்துவிட்டு அயனால் தொடங்குபவர்தான் பெரும்பாலும் நல்ல கணக்கோடு திரும்புகிறார் என்பது என் அபிப்பிராயம்.

பங்கரில் (மணல் குழியில்) கைகள் முந்த வேண்டுமா?

வேண்டாம். பங்கரில் கிளப்பின் அடிப்பாகம் மணலில் வழுக்க வேண்டும். ஷாஃப்டை முன்சாய்த்தால் விளிம்பு புதையும். அங்கே கிளப் தலையைக் கைகளை முந்தவிடுங்கள்.

அண்ணே, ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் இடத்துக்கு) போக வசதியில்லை. லயத்துப் பக்கம், தோட்டத்து மைதானத்தில் எப்படிப் பழகுவது?

லேக்குக்குப் பந்தே தேவையில்லை தம்பி. ரேஞ்சில் பந்து பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைவிடப் பந்தில்லாமல் பழகுபவர்கள் வேகமாகத் திருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கோட்டுப் பயிற்சியை முதலில் செய். புல் தேய்ந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போடு. கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவே வரும்படி நில். பந்து இல்லாமல் 7ஆம் இலக்க அயனை அரை ஸ்விங்கில் வீசு. கிளப் தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு இலக்குப் பக்கம் வர வேண்டும். கோட்டில் நகர்ந்து நகர்ந்து வீசிக்கொண்டு போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால், தேய்த்த தடங்கள் எல்லாம் உண்மையைச் சொல்லும். பாதி கோட்டுக்குப் பின்னால் என்றால் மணிக்கட்டைத் தொடாதே. எடை இடக்காலுக்குப் போகிறதா என்று பார்.

பிறகு மூட்டை. பழைய உரப்பை ஒன்றைக் கழுவிக் காய வைத்து, கிழிந்த துணிகளைத் திணித்துக் கட்டு. மணல் போடாதே, மணிக்கட்டுக்குக் கேடு. மூட்டையைத் தரையில் வைத்து, கிளப் தலையை அதில் அழுத்திக்கொண்டு நில். கைகள் மூட்டையைவிட முன்னால், இடது தொடைக்கு நேரே. இடது மணிக்கட்டு தட்டை. இடுப்பு கொஞ்சம் இலக்கைப் பார்த்துத் திறந்து, வலது குதிகால் லேசாகத் தூக்கி. அந்த நிலையில் வலது ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் ஷாஃப்ட் பின்னிருந்து அழுத்துவது தெரியும். அந்த அழுத்தத்தை நன்றாக உணர்ந்துகொள். லேக் என்பது கையில் அப்படித்தான் தெரியும். பிறகு மெதுவாக வீசி மூட்டையில் அடித்து, நிற்கும் இடத்தில் அதே அழுத்தம் இருக்கிறதா என்று பார். வேகம் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடியெடுத்து வீசும் பயிற்சி. இரண்டு கால்களையும் சேர்த்து நில். கிளப்பைப் பின்னே கொண்டு போ. அது இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை எடுத்து இலக்குப் பக்கம் வை. கால் தரையில் ஊன்றிய பிறகு உடம்பு தானாகத் திரும்பும், கிளப் தானாகப் பிந்தும். கைக்கு ஒரு வேலையும் சொல்லாதே. கிரிக்கெட் ஆடின பிள்ளைகளுக்கு இது முதல் நாளே பிடிபடும்.

பந்தோடு பழக ஆசை என்றால் துளை போட்ட பிளாஸ்டிக் பந்து வாங்கிக்கொள். கொழுந்து எடுக்கிறவர்களும் சின்னப் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் உண்மையான கோல்ஃப் பந்தை ஒருபோதும் அடிக்கக் கூடாது. கிட்டத்தட்ட 46 கிராம் கட்டிப் பந்து. தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

கையடக்கத் தொலைபேசியில் எடுத்த வீடியோவில் ஷாஃப்ட் வில்லாக வளைந்து தெரிகிறது. அது லேக்கா?

பெரும்பாலும் கமராவின் பொய். தொலைபேசிக் கமரா படத்தை முழுதாக ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. வரிவரியாக மேலிருந்து கீழே வாசிக்கிறது. அதற்குள் கிளப் நகர்ந்துவிடுவதால் நேரான ஷாஃப்ட் வளைந்து தெரியும். மெய்யாகவே ஷாஃப்ட் வளையவும் செய்கிறது. ஆனால் பந்தை நெருங்கும்போது அது பின்னுக்கு அல்ல, தலை முந்தும்படி முன்னுக்கு வளைகிறது. ஆகவே படத்தில் ஷாஃப்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், கைகளைப் பாருங்கள். பந்தைத் தொடும் சட்டகத்தில் கைகள் இடது தொடைக்கு நேரே இருக்கின்றனவா, இல்லை இடுப்புக் கொக்கிக்கு நேரே நின்றுவிட்டனவா?

கமராவை எதிரே, கைகளின் உயரத்தில், பந்துக்கு நேராக வைத்து எடுங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைத்தாலே இல்லாத சாய்வு இருப்பதாகத் தெரியும்.

வயதான ஆட்டக்காரர் தந்த பழைய செட்தான் என்னிடம் இருக்கிறது. கிளப்பால் லேக் கெடுமா?

ஷாஃப்ட் விறைப்பாக இருப்பதால் லேக் கெட்டுவிடாது. கைப்பிடியில் உள்ள ரப்பர் கிரிப் கெடுக்கும். தேய்ந்து பளபளத்த ரப்பரை, அதுவும் நம் தூறலில், நழுவாமல் பிடிக்க விரல்களை நசுக்குவீர்கள். நசுக்கினால் முன்கை இறுகும். முன்கை இறுகினால் மணிக்கட்டு மடியாது. மடியாத மணிக்கட்டில் லேக் உருவாகவே வழியில்லை.

வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுப் பழைய பல்துலக்கியால் கிரிப்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி நிழலில் காய வையுங்கள். பாதி பிடி திரும்ப வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் புதிய கிளப்புக்குச் சேர்க்கும் காசில் முதலில் கிரிப்பை மாற்றுங்கள். மழை நாளில் குடையின் உள் கம்பியில் ஒரு காய்ந்த துவாயைக் கட்டித் தொங்கவிடுவது கேடிகள் எல்லோருக்கும் தெரிந்த வழி; ஆட்டக்காரருக்குக் கை துடைக்கக் கொடுப்பதைவிடக் கிரிப்பைத் துடைத்துக் கொடுங்கள்.

லேக் அளவுக்கு மீறிப் போகுமா?

போகும். கோணத்தை இறுகப் பிடித்துக் கையை இழுத்துக்கொண்டே போகிறவர்களுக்குப் பந்து வலப்பக்கமாகத் தாழ்ந்து பறக்கும், அடிக்கடி ஷாங்க் (பந்து கிளப்பின் கழுத்தில் பட்டுத் தெறிப்பது) விழும், மணிக்கட்டின் சின்னவிரல் பக்கம் நோகும். இவர்களில் பெரும்பாலோர் வீடியோ பார்த்துக் கடுமையாக உழைத்தவர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அவர்களுக்கு எதிர்மருந்து தருவேன்: இடுப்பளவிலிருந்து இடுப்பளவு வரை சின்ன ஸ்விங், கிளப் தலையை வேண்டுமென்றே முன்கூட்டி எறிந்து, காற்றில் "விஸ்" என்ற சத்தத்தைப் பந்து இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் கேட்கும்படி வீசுவது. சத்தம் வலக்காலுக்கு மேல் கேட்டால் சீக்கிரம் அவிழ்கிறது. பந்துக்கு அப்பால் கேட்டால் நேரம் சரி. சத்தமே கேட்காவிட்டால் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலைக் குளிரில் எதுவும் வருவதில்லை. வயதும் அறுபதாகிறது.

ஜனவரி, பெப்ரவரி விடியலில் இங்கே புல்லில் பனி உறையும் நாட்கள் உண்டு. அந்தக் குளிரில் முதல் குழியின் தொடக்க இடத்துக்குப் போய் முழு ஸ்விங் வீசாதீர்கள். கைகளைச் சேர்த்துத் தேய்த்து, மணிக்கட்டை இரு பக்கமும் சுழற்றி, கிளப்பைத் தோளில் குறுக்கே வைத்து இடுப்பைத் திருப்பி, உடம்பு சூடாகும் வரை நடந்துவிட்டு வாருங்கள்.

வயதானால் தோள் முழுதும் திரும்பாது. பரவாயில்லை. குறுகிய ஸ்விங்கிலும் வரிசை இருக்கலாம், மணிக்கட்டு மடியலாம். வலது முழங்கை உடம்பை விட்டு அகலாமல், மணிக்கட்டை மட்டும் சீக்கிரம் மடித்தால் அரை ஸ்விங்கிலேயே போதிய லேக் கிடைக்கும்.

நான் கேடி. ஆட்டக்காரரின் லேக் கலைவது எனக்குத் தெரிகிறது. சொல்லலாமா?

விதிப்படி சொல்லலாம். சுற்றின் நடுவே ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கக்கூடிய ஆள் அவருடைய கேடிதான். ஜோடியாக ஆடினால் ஜோடியும். ஒரு எச்சரிக்கை: அவர் அடிக்க நிலை எடுக்கத் தொடங்கியதிலிருந்து அடித்து முடிக்கும் வரை, பந்துக்குப் பின்னால் இலக்குக் கோட்டின் நீட்சியில் வேண்டுமென்றே நிற்கக் கூடாது. 2019இல் வந்த விதி இது. தண்டனை ஆட்டக்காரருக்கு விழும். லேக்கைப் பார்க்க அந்த இடம் உதவவும் உதவாது. அவருக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி நின்று கைகளைப் பாருங்கள்.

ஆனால் "சேர், லேக் போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டவர் அடுத்த அடியில் மணிக்கட்டைப் பூட்டிவிடுவார், அந்தக் குழி முழுதும் கெட்டுப்போகும். அவர் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்: "சேர், கிரிப்பைக் கொஞ்சம் லேசாப் பிடிங்க", அல்லது "இடது கால்ல நின்னு முடிங்க". கேடியாகத் தொடங்கி ஆட்டக்காரரானவர்கள் ஆசியா எங்கும் உண்டு. நம் நாட்டிலிருந்து போய் இந்தியாவின் தொழில்முறை பி.ஜி.டி.ஐ. தொடரில் ஆடிய என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்றவர்களின் ஸ்விங் வீடியோ கிடைத்தால் பாருங்கள். பிறர் ஸ்விங்கைக் கூர்ந்து பார்க்கும் கண் உங்களுக்குத் தினமும் தீட்டப்படுகிறது. அதை உங்கள் ஸ்விங்குக்கும் பயன்படுத்துங்கள்.

போட்டியின் நடுவே திடீரென்று கலைந்துவிட்டால் என்ன செய்வது?

அங்கேயே திருத்தப் போகாதீர்கள். வழக்கத்தைவிட ஒரு கிளப் கூட எடுத்து, ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள். பந்து கொஞ்சம் பின்னால். எடையில் பாதிக்கு மேல் ஆரம்பத்திலேயே இடக்காலில். கைகள் தோளுயரத்துக்கு மேல் போகாத ஸ்விங், முடிவும் அதே உயரத்தில். மார்பு இலக்கைப் பார்த்து முடிந்தால் போதும். பந்து மரக்கிளைகளுக்குக் கீழாகவே போய் ஃபேர்வேயில் நிற்கும். அடுத்த இரண்டு மூன்று குழிகளையும் இப்படியே ஆடுங்கள். ஸ்விங்கைத் திருத்தும் வேலையை மறுநாள் சுண்ணாம்புக் கோட்டில் வைத்துக்கொள்ளலாம்.